தொண்ணூறு கிலோ பிராணி

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் வட்டாரக் கால்நடைப் பராமரிப்பு அலுவலகத்தின் 'சராசரிப் பிராணி'. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் போடாமல் விட்டுவிட்டார்கள். மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் நான். தன்னடக்கம் காரணமாக இதை முதல் வரியிலேயே சொல்லாமல் மூன்றாவது வரி வரை பொறுத்திருந்தேன்.

நான் அந்த அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளர். 'புள்ளி சார்' என்றால் எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருட சேவையில் ஒரு மாட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆட்டின் பக்கம் போனால் தும்மல் வரும். ஆனால் வட்டாரத்தில் எத்தனை மாடு, எத்தனை எருமை, எத்தனை ஆடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கால்நடைகளை நேரில் பார்ப்பவர்களிடம் ஒரு பெரிய குறை உண்டு. ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பார்கள். நான் மொத்தமாகப் பார்ப்பவன்.

எங்கள் துணை இயக்குநரும் அப்படித்தான். எதைக் கேட்டாலும் "நூறு சதவீதம்" என்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் அதே பதில். அதனால் அவருக்கு 'நூறு சதவீதம்' என்றே பட்டப்பெயர். அப்படிப்பட்டவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வட்டாரத்தில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் மாதக் கடைசிக்குள் முகாம் போட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் 'புழு இல்லா வட்டாரம்' என்று ஒரு விருது உண்டு.

உத்தரவு வந்த மறுநாள் கோப்பைகள் வந்தன. ஐயாயிரம் பிளாஸ்டிக் கோப்பைகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் 'புழு இல்லா வட்டாரம்' என்ற அச்சு. அதற்கடுத்த வாரம்தான் மருந்து வந்தது. நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கோப்பையைப் பார்த்து மருந்தை முடிவு செய்யலாம். மருந்தைப் பார்த்துக் கோப்பை வாங்கப் போனால் எந்தக் காலத்தில் வேலை நடக்கும்?

உடனே 'குடற்புழு நீக்க உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. துணை இயக்குநர், கணக்கர், தட்டச்சர், கிடங்குப் பொறுப்பாளர், ஓட்டுநர், நான் என்று பதினோரு பேர். டாக்டரம்மாவை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. அவர் கால்நடை மருத்துவர். விஷயம் தெரிந்தவர் என்பதால் 'சார்பு' இருக்கலாம் என்று கணக்கர் அஞ்சினார். கடைசியில், தேநீர் இடைவேளையின்போது மட்டும் கருத்துச் சொல்லும் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

தேநீர் வந்தது. டாக்டரம்மா ஒரு கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது நிறைய ஊத்தினா தொண்ணூறு கிலோ எடைக்கு உண்டான மருந்து. நம்ம வட்டாரத்துல தொண்ணூறு கிலோவுல பிராணியே கிடையாது. மாடு இதுக்கு நாலு மடங்கு. ஆடு இதுல கால் பங்கு."

"அப்போ நடுவுல இருக்கு. நல்லதுதானே?" என்றார் துணை இயக்குநர்.

"நடுவுல இருக்கிற பிராணி எது சார்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரலாறு ஒரு மனிதனைக் கூப்பிடும்போது அவன் கால்குலேட்டரைத் தேடக் கூடாது. என்னுடையது சட்டைப் பையிலேயே இருந்தது.

நாலாயிரம் பிராணிகளின் எடையையும் கூட்டினேன். எடைகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். மாடுகளின் எடையைத் துணை இயக்குநர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னார். மற்றவற்றின் எடையை அவர் பார்க்காமலேயே சொன்னார். நாலாயிரத்தால் வகுத்தேன். நூற்று நான்கு கிலோ வந்தது.

"கோப்பை தொண்ணூறுக்குத்தானே?" என்றார் துணை இயக்குநர், கொஞ்சம் வருத்தமாக.

"கோழியைச் சேர்த்தா குறையும் சார்."

"சேருங்க."

வட்டாரத்தின் எல்லாக் கோழிகளையும் சேர்த்தால் சராசரி அதலபாதாளத்துக்குப் போனது. ஆகவே அறுநூற்று முப்பத்து மூன்று கோழிகளை மட்டும் பிராணிகளாக அங்கீகரித்தோம். மிச்சக் கோழிகள் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டன. வகுத்துப் பார்த்தேன். மிகச் சரியாகத் தொண்ணூறு. குழு மேசையைத் தட்டிப் பாராட்டியது.

இப்படித்தான் சராசரிப் பிராணி பிறந்தது. எடை தொண்ணூறு கிலோ. மூன்றே முக்கால் கால். ஒரு கொம்பு. நாளுக்கு ஒன்றே கால் லிட்டர் பால் கறக்கும், வாரத்தில் இரண்டு முட்டை இடும், யாராவது கதவைத் தட்டினால் லேசாகக் குரைக்கும். இப்படி ஒரு பிராணி உலகில் எங்குமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அது உலகத்தின் குறை.

டாக்டரம்மா விடவில்லை. தேநீர் ஆறுவதற்குள் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"மாட்டுக்குக் கம்மியா குடுத்தா புழு சாகாது சார். மருந்துக்குப் பழகிடும். அடுத்த தடவை முழு அளவு குடுத்தாலும் சிரிச்சிக்கிட்டே குடிக்கும்."

"புழு சிரிக்குமா?" என்றார் கணக்கர்.

'புழுக்களின் மனநிலை குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன்.

"ஆட்டுக்கு இது மூணு மடங்குக்கு மேல. அதுவும் சினை ஆட்டுக்கு இந்த மருந்தே வேணாம். வேற மருந்து இருக்கு, வேற சமயம் இருக்கு. நாய் பூனைக்கு மாட்டு மருந்தைக் கிட்டவே கொண்டு போகக் கூடாது."

'கர்ப்பம் தனிப்பட்ட விஷயமாதலால் அலுவலகம் தலையிடுவதில்லை என முடிவு செய்யப்பட்டது.'

"தராசுகூட வேணாம் சார். நெஞ்சைச் சுத்தி அளக்க ஒரு நாடா போதும். சுற்றளவு தெரிஞ்சா எடை கிட்டத்தட்டத் தெரிஞ்சிடும். என்கிட்ட அட்டவணை இருக்கு."

"நாடாவுக்கு டெண்டர் விடணும். ஆறு மாசம் ஆகும். விருது இந்த மாசக் கடைசி."

"ஊத்தும்போது தலையை மேல தூக்காதீங்க. மருந்து நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம், குடுத்த பிறகு சில நாளைக்குப் பாலைக் கறந்து யாருக்கும் குடுக்கக் கூடாது. எத்தனை நாள்னு மருந்து அட்டையிலேயே போட்டிருக்கு."

இந்த இடத்தில் குழு முதல்முறையாகச் சிந்தனையில் ஆழ்ந்தது. பதினோரு பேரும் கையிலிருந்த தேநீரைப் பார்த்தோம். பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'முகாம் நடைபெறும் நாள் முதல் அலுவலகத்தில் பால் கலக்காத தேநீர் மட்டுமே வழங்கப்படும்.' ஊருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று ஓட்டுநர் கேட்டார். ஊர் நம் அலுவலகத்தில் தேநீர் குடிப்பதில்லை என்று துணை இயக்குநர் விளக்கினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எங்கள் பூனை அவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்போ இதுக்கும் அந்தக் கோப்பைதானா?"

"சட்டம் எல்லாருக்கும் சமம்."

"இது மூணு வேளையும் தின்னுட்டுத் தூங்கினாக்கூடத் தொண்ணூறு கிலோ வராதுங்க."

"சராசரியா பார்க்கணும்."

"எனக்குச் சராசரியா ஒரு பூனை வேணாம். முழுசா இந்தப் பூனை வேணும். டாக்டரம்மாகிட்டப் பேசிட்டுச் சாப்பிட உட்காருங்க."

கொள்கை வேறு, சாப்பாடு வேறு. போன் செய்தேன்.

"எடை எவ்வளவு?" என்றார் டாக்டரம்மா.

"சராசரியா..."

"புள்ளி சார். பூனை எவ்வளவு எடை?"

குளியலறைத் தராசில் நான் மட்டும் ஏறி ஒரு முறை, பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி ஒரு முறை. கழித்தல் போட்டேன். நாலு கிலோ இருநூறு கிராம். சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் ஏறினேன். பூனை என் கன்னத்தில் இரண்டு கோடு போட்டது. அப்போதும் நாலு கிலோ இருநூறுதான். டாக்டரம்மா பூனைக்கென்று உள்ள மாத்திரையில் எத்தனை பங்கு, மறுபடியும் எப்போது என்று நிதானமாகச் சொன்னார். "அதுக்கு முன்னாடி கழிவுல கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. என்ன புழுன்னு பார்த்துட்டுக் குடுப்போம். தீப்பெட்டியில போட்டுக் கொண்டு வந்தா போதும்."

மறுநாள் காலை அலுவலக மாடிப்படியில் துணை இயக்குநர் வாயில் சிகரெட்டோடு நின்றிருந்தார். என் சட்டைப் பையில் தீப்பெட்டி எட்டிப் பார்த்தது. உரிமையோடு எடுத்துத் திறந்தார்.

"என்னய்யா இது?"

"மாதிரி சார்."

"என்ன மாதிரி?"

"பூனை மாதிரி."

அவர் இன்னொரு தடவை உள்ளே பார்த்தார். "எனக்கு அப்படித் தெரியலையே."

விஷயத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் பெட்டியை மெதுவாக மூடி, அதே பையில் வைத்து, படியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுல ஒரு நாய் இருக்கு. பதினோரு கிலோ. அதுக்கு அந்தக் கோப்பை கொஞ்சம் அதிகமோ?"

"எட்டு மடங்கு சார்."

"சராசரியா பார்த்தா?"

"சராசரியா பார்த்தா சரிதான் சார். நாயா பார்த்தா அதிகம்."

"எந்த சைஸ் தீப்பெட்டி?"

இரண்டே நாளில் டாக்டரம்மாவின் மேசையில் பதினோரு தீப்பெட்டிகள் சேர்ந்துவிட்டன. கணக்கர் வீட்டு முயல், தட்டச்சரின் இரண்டு ஆடுகள், கிடங்குப் பொறுப்பாளரின் எருமை, எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த வாரம் அலுவலகத்தில் சிகரெட் பற்ற வைக்கவே எல்லாரும் பயந்தார்கள். ஓட்டுநரின் பசுவை டாக்டரம்மா நேரிலேயே போய் அளந்தார். அதற்கு நாலு கோப்பை வந்தது. நாலு கோப்பை என்று கேட்டதும் ஓட்டுநர் அசந்துபோய், "அப்போ மத்த மாட்டுக்கெல்லாம் ஒண்ணு எப்படிப் போதும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அவரைக் குழுவிலிருந்து நீக்கலாமா என்று பேசினோம். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம்.

டாக்டரம்மா முகம் மலர்ந்து துணை இயக்குநர் அறைக்கு வந்தார்.

"பதினோரு பேருக்கும் பார்த்துச் சொல்லிட்டேன் சார். எல்லாருக்கும் இப்போ எடைன்னா என்ன, அளவுன்னா என்னன்னு தெரியும். எல்லாத்துக்கும் ஒரே கோப்பைங்கற சுற்றறிக்கையை மாத்திடலாம் இல்லையா?"

"டாக்டரம்மா, அது சொந்த விஷயம். இது அரசு விஷயம். ரெண்டையும் கலந்தா ஊழல் ஆயிடும்."

நேர்மை என்றால் இப்படி இருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கியது.

டாக்டரம்மா அங்கிருந்து நேராக என் மேசைக்கு வந்தார். ஊருக்கு வினியோகிக்க வேண்டிய நோட்டீஸ் என் முன்னால் இருந்தது. அன்று மதியம் அச்சுக்குப் போக வேண்டும்.

"புள்ளி சார், ஒரே ஒரு வரி. 'சினையாக இருக்கும் ஆடு மாடுகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.' இதை மட்டும் கீழே சேர்த்துடுங்க. யாரையும் கேட்க வேணாம். நீங்க நினைச்சா நடக்கும்."

உண்மைதான், நான் நினைத்தால் நடக்கும். பக்கத்தில் ஒரு வரிக்கு இடமும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில்தான் 'தயாரிப்பு: புள்ளிவிவரப் பிரிவு' என்று போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் என் பிரிவின் பெயர் அச்சில் வருவது அதுவே முதல் தடவை. பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன், வெகுநேரம். பிறகு நோட்டீஸ் இருந்தபடியே அச்சுக்குப் போனது.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரி இருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா மாலைபோலத் தொங்கிக்கொண்டேயிருக்கும். வாடகைத் தையல் மெஷின். சொந்தமாக இருப்பது ஒரே ஒரு ஆடு. அது சினை. இரண்டு குட்டி நிச்சயம் என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்தே சொல்வாள். குட்டிகள் வளர்ந்தால் சொந்த மெஷின். என்ன நிறம் என்பதுவரை முடிவாகியிருந்தது. பச்சை.

முகாமுக்கு முந்தின சாயங்காலம் நோட்டீஸோடு வந்தாள்.

"அண்ணே, இதுல சினை ஆட்டைப் பத்தி ஒண்ணும் போடலையே. கொண்டு வரலாமா?"

"போடலைன்னா தடை இல்லைன்னுதானே அர்த்தம்?"

"எல்லாத்துக்கும் ஒரே கோப்பைன்னு போட்டிருக்கு. நான் ஒரே அளவுல சட்டை தைச்சு ஊர் முழுக்கக் குடுத்தா என்னை அடிக்க வந்துடுவாங்க. மருந்துக்கு அப்படி இல்லையா?"

"அது துணி. இது விஞ்ஞானம்."

அவள் நோட்டீஸின் அடிப்பாகத்தைப் படித்தாள். "புள்ளிவிவரப் பிரிவுன்னா நீங்கதானே?"

"நானேதான்."

"அப்போ சரிண்ணே. நீங்க போட்டா யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்க."

உள்ளேயிருந்து என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத இடமில்லை. நான் தலையைக் குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அசீரணம் என்று முடிவு செய்தேன்.

முகாம் அமர்க்களமாக நடந்தது. டாக்டரம்மாவின் அனுபவம் வேறு இடத்தில் தேவைப்பட்டதால், வட்டாரத்தின் கடைக்கோடியில் நோட்டீஸ் ஒட்டுவதை மேற்பார்வையிட அனுப்பியிருந்தோம். பந்தல், நாற்காலி, புகைப்படக்காரர் எல்லாம் தயார். முதல் கோப்பையைத் துணை இயக்குநர் தம் திருக்கரத்தால் ஒரு எருமைக்கு ஊட்ட வேண்டும். எருமை குனிந்தே நின்றது.

"தலையைத் தூக்குங்க சார், மூஞ்சி படத்துல விழல," என்றார் புகைப்படக்காரர்.

துணை இயக்குநர் தம் தலையைத் தூக்கினார்.

"உங்க தலை இல்ல சார், எருமை தலை."

இரண்டு பேர் சேர்ந்து எருமையின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் மருந்தை ஊற்றினார். எருமை ஒரு கணம் யோசித்தது. பிறகு மூக்காலும் வாயாலும் சேர்த்து அத்தனையையும் அவர் முகத்தில் திருப்பிக் கொடுத்தது. பேசிக்கொண்டே ஊற்றியதால் அவர் வாய் திறந்திருந்தது. அவர் எடை தொண்ணூறு கிலோ. அன்றைய முகாமில், சரியான எடைக்குச் சரியான அளவு மருந்து போய்ச் சேர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. மாட்டுக்கு ஒரு கோப்பை. கன்றுக்கு ஒரு கோப்பை. ஒருவர் கோழியைக் கொண்டுவந்தார். அது அங்கீகரிக்கப்பட்ட அறுநூற்று முப்பத்து மூன்றில் ஒன்றா என்று பட்டியலில் தேடினோம். இல்லாததால் அது தப்பித்தது. இன்னொருவர் தம் நாயைக் கொண்டுவந்தார். நாய் கோப்பையை முகர்ந்துவிட்டுச் சொந்தக்காரரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. வருகைப் பதிவேட்டில் இருவருக்கும் வருகை போட்டுக்கொண்டோம்.

தையல்காரி வரிசையில் வந்தாள். ஆட்டின் கழுத்துக் கயிறு ஒரு கையில், மறு கை அதன் வயிற்றில். கோப்பையைப் பார்த்தாள். அவளுக்கு அளவு பார்க்கிற கண். முன்னால் போன மாட்டையும் பார்த்தாள், தன் ஆட்டையும் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

நான் 'குடு' என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஆடு நுரை தள்ளியது. கால்கள் நாலும் நடுங்கின. மூன்றே முக்கால் அல்ல, நாலும். தையல்காரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கே திரும்பி ஓடி வந்தாள். ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தார். மதியத்திலிருந்து சாயங்காலம்வரை டாக்டரம்மா மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். தையல்காரி தன் நாடாவால் ஆட்டின் நெஞ்சை அளந்து சொல்லச் சொல்ல, அவர் அட்டவணையைப் பார்த்து ஊசி மருந்தை அளந்தார். ஆட்டுக்கு மருந்து கொடுக்க இவ்வளவுதான் தேவை என்பதை நான் பந்தலில் நின்று பார்த்தேன். ஒரு நாடா, ஒரு தாள், அரை நிமிடம்.

ஆடு பிழைத்துக்கொண்டது. வயிற்றிலிருந்த இரண்டு குட்டிகளும் மறுநாள் காலையில் செத்து விழுந்தன.

என் அறிக்கையில் 'உயிரிழப்பு: இல்லை' என்று எழுதினேன். இதில் பொய் எதுவும் இல்லை. கணக்கெடுப்பு நடந்த தேதியில் அந்தக் குட்டிகள் பிறந்திருக்கவில்லை. கணக்கில் வராதது கணக்கிலிருந்து எப்படிக் குறையும்? மாடுகளின் சாணத்தைப் பரிசோதித்து, புழுக்கள் எல்லாம் சௌக்கியமாக இருப்பதாக டாக்டரம்மா ஒரு குறிப்பு அனுப்பினார். அதற்கும் பதில் வைத்திருந்தோம். மாடுகளுக்குக் குறைவு, ஆடுகளுக்கு அதிகம், ஆக சராசரியாக எல்லாருக்கும் சரியான அளவு. துணை இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"ஒண்ணுதான் பாக்கி. திருப்திச் சான்று."

'பயனாளி திருப்திச் சான்று' என்று ஒரு படிவம் உண்டு. முகாமுக்கு வந்த எல்லாரும் பரம திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

"ஒண்ணு குறைஞ்சா தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது ஆயிடும். எனக்கு அப்படி ஒரு பேரு வேணாம். பக்கத்து வீடுதானே, நீங்களே வாங்கிட்டு வாங்க. ரெண்டு மணிக்குத் தபால் போகணும்."

தையல்காரி டாக்டரம்மா அறையில்தான் இருந்தாள். ஆட்டுக்குச் சத்து மருந்து வாங்க வந்திருந்தாள். மருந்து வாங்கியதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி டாக்டரம்மா நீட்டிக்கொண்டிருந்தார். என் படிவத்தையும் பேனாவையும் நானும் பக்கத்தில் வைத்தேன்.

"இதுலயும் ஒண்ணு போட்டுடும்மா. சும்மா ஒரு சம்பிரதாயம்."

அவள் பேனாவை எடுத்தாள். ஆனால் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அளவு நோட்டு மாதிரியே இருக்கே," என்றாள் டாக்டரம்மாவிடம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். "துணை இயக்குநர், நாய், பதினோரு கிலோ. கணக்கர், முயல், ரெண்டு கிலோ. ஓட்டுநர், பசு, முந்நூத்து அறுபது கிலோ, நாலு கோப்பை." பதினோரு வரிகள். விரல் பதினோராவதில் நின்றது. "புள்ளிவிவரம், பூனை, நாலு கிலோ இருநூறு கிராம். ரெண்டு தடவை நிறுத்துப் பார்த்தது."

தேதியையும் படித்தாள். முகாமுக்கு மூன்று நாள் முந்தின தேதி.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணி வெட்டுவதற்கு முன்னால் அளவைச் சரிபார்க்கிறவள்போல நிதானமாக என்னிடம் கேட்டாள்.

"என் ஆடு எத்தனை கிலோ, அண்ணே?"

நாலாயிரம் பிராணிகளின் கணக்கைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய எனக்கு அது தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு வருடமாகத் தினமும் கத்திக்கொண்டிருந்த ஆடு. எனக்குத் தெரிந்த எண் தொண்ணூறு ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அவள் படிவத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. அப்போ கையெழுத்துப் போடறேன்."

மேசைக்குத் திரும்பினேன். மணி ஒன்றே முக்கால். மற்ற பயனாளிகளின் கையெழுத்துகளையெல்லாம் எதிரே பரப்பிவைத்து, நீளம் இவ்வளவு, சாய்வு இவ்வளவு, சுழி இவ்வளவு என்று கணக்கிட்டு, அவள் பெயருக்கு நேரே சராசரியாக ஒரு கையெழுத்தை நானே போட்டு அனுப்பினேன். விருது வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் இப்போது திருப்தி நூறு சதவீதம்.